சிவப்பியிடம் சொல்லிவிடுவது

மூன்று நாளாய் எங்கள் வீட்டில்
எல்லாக் கதையும் சிவப்பி வழியாகத்தான் போகிறது.
"புண்ணாக்கு முடிஞ்சுது, கேட்டியோ சிவப்பி"
என்பேன் நான், மடியைக் கழுவிக்கொண்டு.
"பின்னேரம் மாங்குளம் போறன் எண்டு சொல்லு"
என்பார் அவர், மறுபக்கத்தில் கன்றைப் பிடித்தபடி.
சிவப்பி அசைபோடும்.
இரண்டு பேருக்கும் ஒரே வாலால் அடிக்கும்.

நாலரைக்கு எழும்புவது மட்டும் மாறவில்லை.
அவர் கன்றை அவிழ்ப்பார்.
அது நாலு இழுவை இழுத்ததும்
கழுத்தைப் பிடித்து விலக்குவார்,
வாளியோடு நான் குந்துவேன்.
இருபத்தாறு வருடத்தில்
இதற்கு ஒரு சொல்லும் தேவைப்பட்டதில்லை.
அதனால் கோபத்துக்கும் இதற்குள் வேலையில்லை;
பட்டி வாசலில் நிற்கிறது,
கட்டாத நாம்பன் மாதிரி.

ஆறேகாலுக்குப் பால் வண்டி.
கானுக்குள் பால்மானியை மிதக்கவிட்டுக்கொண்டு
"என்னக்கா, அண்ணை ஒண்டும் கதைக்கிறேல்லை?"
என்றான் பெடியன்.
"அவருக்குப் பல்லுக்கொதி" என்றேன்.
பட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது:
"பல்லு நல்லாத்தான் இருக்கெண்டு சொல்லு சிவப்பி."

பதினொன்றரை லீற்றர். கொப்பியில் எழுதினேன்.
போன மாதம் இதே நாளில் பதினாலு.
குளம் அடி தெரிய வற்றிவிட்டது.
மாடு மேய்ந்த காட்டில் இப்போது எல்லைக்கல் நிற்கிறது.
மாடுகளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாததற்கு
தண்டப்பணம் நாங்கள் கட்டினோம்.

சரி, அதையும் சொல்கிறேன்.
சுட்டியை விற்றுப்போட்டார்.
இன்னும் ஈனாத நாகு, நெற்றியில் வெள்ளை.
என்னை ஒரு சொல் கேட்கவில்லை.
காதில் இலக்கத்தகடு குத்திய அன்று
ரத்தம் கசிந்த இடத்தில் மஞ்சள் வைத்தவள் நான்.
வவுனியாவிலிருந்து லொறி வந்த நேரம்
ஆஸ்பத்திரியில் மருந்துத் துண்டோடு வரிசையில் நின்றேன்.
திரும்பி வர
கட்டையில் கயிறு மட்டும் கிடந்தது,
ஒழுங்காய்ச் சுருட்டி.

நானும் அவரைக் கேட்கவில்லைத்தான்.
பெண்களுக்கான குழுக்கடன் என்று
பாலை மரத்தடியில் பதினொரு பேர் கையெழுத்து வைக்க,
பன்னிரண்டாவது நான்.
ஐந்து ஆடு வாங்கினேன்,
தங்கச்சி தந்தது என்றேன்.
இரண்டை நரி கொண்டுபோனது.
ஒன்று வயிறு ஊதிச் செத்தது.
மிச்சம் இரண்டையும்விட
வட்டி நன்றாய்க் குட்டி போட்டது.
செவ்வாய்க்கிழமை மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன்.
ஒரு செவ்வாய் அவர் வீட்டில் இருந்தார்.

சுட்டியின் விலைக்கும் கடனின் மிச்சத்துக்கும்
எண்ணூறு ரூபாய் வித்தியாசம்.
அந்த எண்ணூறையும் கடன் அட்டைக்குள் மடித்து
என் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.
ஏசியிருக்கலாம்.

நேற்றிரவு யானை.
தெற்கு வேலியில் கதியால் முறிகிற சத்தம்.
பட்டி முழுக்க எழும்பி ஒரு மூலைக்கு ஒதுங்கியது.
"இஞ்சேரும், ரோச்சு!" என்றார்.
மூன்று நாளைக்குப் பிறகு
எனக்கென்று வந்த முதல் சொல்.
யானைவெடியின் திரி பனியில் ஊறியிருந்தது.
முதல் குச்சி அணைந்தது, அடுத்ததும்.
ரோச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவர் கைக்கு மேல் என் கையைக் குவித்தேன்.
பற்றியது. எறிந்தார்.
காடு ஒருதரம் வெள்ளையாகி இருண்டது.
"போட்டுது."
"ஓம்."

உள்ளே வந்தால்
ஆடு இரண்டும் எங்கள் கட்டிலுக்குக் கீழே,
புழுக்கை போட்டுக்கொண்டு.
"தங்கச்சி தந்த ஆடெல்லோ" என்றார்.
சிரித்தாரா தெரியாது.
நான் ரோச்சை நூர்த்துவிட்டிருந்தேன்.

இன்றைக்கும் நாலரை.
"இரவு நித்திரை கொண்டவவோ எண்டு கேள் சிவப்பி."
வாளிக்குள் பால் விழுகிற சத்தம் மட்டும்.
எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது:
லொறியில் ஏற்றும்போது
சுட்டி கத்தினதா என்று.
அதைச் சிவப்பி வழியாகக் கேட்க முடியாது.
சுட்டி
சிவப்பி போட்ட கன்று.